இரண்டாண்டுக் காலேஜிலிருந்து பௌதிகப் பட்டம் வரை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பின் சங்கக் கட்டடத்தில் கூடிய போதெல்லாம் அங்கத்தினர் பலர் நம்மிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்தனர். “பையனை அமெரிக்காவில் இரண்டு வருடக் காலேஜில் சேர்த்தால், பிறகு யுனிவர்சிட்டியில் மூன்றாம் வருடத்திலேயே எடுத்துக் கொள்கிறார்களாமே, மெய்தானா?” என்பது ஒரு கேள்வி. “பௌதிகம் படித்தால் பிழைப்புக்கு வழியுண்டா?” என்பது மற்றொன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வாயால் சொல்வதை விட எழுதி வைத்தால் பலருக்கும் உதவும் என்று காரியதரிசி அவர்கள் வற்புறுத்தியதால் இதனை எழுத முற்பட்டோம்.

நாம் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் கண்டதோடு கடைக்கு வந்து விட்டவர்கள். கல்விமான்கள் எழுத வேண்டியதை நாம் எழுதுவது ஏன் என்று கேட்கலாம். எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் இந்த வழியில் சென்றிருக்கிறான். அதில் ஒரு தவறு நேர்ந்து, அதற்கு ஒரு வருடத்தை விலையாகக் கொடுத்தோம். அறிந்ததை மறைத்து வைப்பது முறையல்ல. ஆகவே எழுதுகிறோம்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். நம் மலேசியாவில் 2001ஆம் ஆண்டு முதல் ‘கோலெஜ் கொமுனிட்டி’ என்ற பெயரில் அரசாங்கக் கல்லூரிகள் நடந்து வருகின்றன. அவை கைத்தொழிலும் திறமையும் கற்றுக் கொடுக்கும் இடங்கள், நல்ல ஸ்தாபனங்கள்தாம். ஆனால் அமெரிக்காவில் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்று சொல்லப்படுவது வேறு. அங்கே கைத்தொழிலும் உண்டு. அதனுடன், பல்கலைக்கழகப் பட்டத்தின் முதல் இரண்டு வருடப் பாடங்களும் உண்டு.

இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்னும் ஊரில் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கல்லூரியே இவ்வகையில் அந்நாட்டின் பழைய பொதுக் கல்லூரி என்பர். உயர்நிலைப் பள்ளியை முடித்த பிள்ளைகள் சொந்த ஊரிலிருந்தே இரண்டு வருடம் படித்து, பிறகு பெரிய பல்கலைக்கழகத்திற்குப் போகட்டும் என்பது அதன் நோக்கம். இன்று கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் இத்தகைய கல்லூரிகள் 116 உள்ளன. 1960ஆம் ஆண்டு அம்மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளிப் பரீட்சையில் மேலே நிற்கும் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். மூன்றில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம். எஞ்சிய யாவருக்கும் கம்யூனிட்டி காலேஜ் என்று பிரித்தது. அத்துடன் நில்லாமல், காலேஜில் நன்றாகப் படித்தவர்களுக்கு மூன்றாம் வருடத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்றும் அத்திட்டம் கூறியது. பின்வாசல் வழியாகச் செய்யும் சலுகை என்று இதனை எண்ணக் கூடாது. இந்த வாசல் அன்றே திட்டமிட்டுக் கட்டப்பட்டது.

நாம் மேலே எடுத்துச் சொல்லப் போவதெல்லாம் கலிபோர்னியாவைப் பற்றியதே. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறுபடும்.

இஜாஸாவைப் போல ஒரு ஏற்பாடு

நம் பழைய மதரஸா மரபில் ஒரு மாணவர் ஓர் உஸ்தாதிடம் ஒரு கிதாபை ஓதி முடித்து இஜாஸா பெற்று, அடுத்த ஊர் உஸ்தாதிடம் அதைக் காட்டி மேற்கொண்டு ஓதுவார். இரண்டாமவர் முதல்வரை அறிந்திருந்தால்தான் அந்த இஜாஸாவுக்கு மதிப்பு. அமெரிக்க ஏற்பாடும் இத்தகையதே. ஒவ்வொரு பாடத்திற்கும் ‘யூனிட்’ என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். இளநிலைப் பட்டத்திற்கு மொத்தம் 120 யூனிட். அதில் 60 யூனிட்டைக் காலேஜில் முடித்தவரை மூன்றாம் வருட மாணவராக ஏற்றுக் கொள்வார்கள்.

ஆனால் எந்தக் காலேஜின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் எதற்கு ஈடாக ஏற்கும் என்பதற்கு இரு தரப்புக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டு. கலிபோர்னியாவில் அவ்வொப்பந்தங்களையெல்லாம் ‘அஸிஸ்ட்’ என்னும் இணையதளத்தில் எவரும் பணமின்றிப் பார்க்கலாம். காலேஜின் பெயரையும், போக விரும்பும் பல்கலைக்கழகத்தின் பெயரையும், பௌதிகம் என்ற துறையையும் குறித்தால், இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பாடங்கள் வந்து நிற்கும். நம் பேரேட்டில் பற்றும் வரவும் எதிரெதிரே நிற்பது போலத்தான். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தால் அந்தப் பாடம் அங்கே செல்லாது என்று பொருள்.

60 யூனிட் என்ற எண்ணிக்கையைக் கண்டு மயங்கி விடக் கூடாது. அறுபதும் நிரம்பியிருக்கலாம், அவற்றில் பௌதிகத்திற்கு வேண்டியவை இல்லாவிட்டால் பயனில்லை. கிடங்கு நிறைய சரக்கு இருந்தும் வாடிக்கைக்காரர் கேட்கும் சரக்கு இல்லாத கடையின் கதியாகிவிடும்.

பாடங்களின் சங்கிலி

பௌதிகத் துறைக்குப் போகும் மாணவன் காலேஜில் முடிக்க வேண்டியவை பெரும்பாலும் இவை: கால்குலஸ் எனப்படும் நுண்கணிதம் மூன்று தவணை, அதன் மேல் லீனியர் அல்ஜீப்ராவும் வகைக்கெழுச் சமன்பாடுகளும், நுண்கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட பௌதிகம் மூன்று தவணை. சில பல்கலைக்கழகங்கள் இரசாயனமும் கம்ப்யூட்டர் நிரல் எழுதுதலும் கேட்கும். ஆங்கிலக் கட்டுரை, சரித்திரம் முதலிய பொதுப் பாடங்கள் தனி.

நஹ்வும் ஸர்பும் ஓதாமல் தப்ஸீர் கிதாபைத் திறக்க முடியாதல்லவா? இங்கும் அப்படியே. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் அமர விடுவார்கள். இரண்டு வருடம் என்பது நான்கு தவணை. அந்த நான்கிலும் பாடங்கள் விழும் வரிசை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

முதல் தவணை: நுண்கணிதம் ஒன்று.
இரண்டாம் தவணை: நுண்கணிதம் இரண்டு, பௌதிகம் ஒன்று, அதாவது இயக்கவியல்.
மூன்றாம் தவணை: நுண்கணிதம் மூன்று, பௌதிகம் இரண்டு, அதாவது மின்சாரமும் காந்தமும்.
நான்காம் தவணை: லீனியர் அல்ஜீப்ரா, வகைக்கெழுச் சமன்பாடுகள், பௌதிகம் மூன்று, அதாவது வெப்பம், ஒளி, அலைகள், நவீன பௌதிகம்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிக்குக் கூட இடைவெளி இல்லை என்பதைக் கவனிக்கவும். முதல் தவணையிலேயே நுண்கணிதத்தில் அமரும் தகுதி இருந்தால்தான் நான்கு தவணையில் முடியும். பள்ளிக் கணிதத்தை மறுபடி படிக்க வேண்டியவனுக்கு ஐந்தோ ஆறோ தவணை ஆகும். சிறிய காலேஜ்களில் சில பாடங்கள் வருடத்திற்கு ஒரு முறைதான் நடக்கும். ஒன்றில் தோற்றால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். எனவே பெற்றோர்கள் மூன்று வருடம் என்று கணக்கு வைத்துக் கொள்வது நலம். இரண்டில் முடிந்தால் அல்லாஹ்வின் பரக்கத்.

எந்தப் பௌதிகம்?

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காலேஜில் பௌதிகம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகள் நடக்கும். ஒன்று, பொது அறிவுக்காக. இன்னொன்று, உயிரியல், வைத்தியம் முதலிய துறைகளுக்குச் செல்வோருக்காக. அதில் அல்ஜீப்ரா மட்டும் போதும். மற்றொன்று, பௌதிகத்திற்கும் பொறியியலுக்கும் செல்வோருக்காக. அதில் நுண்கணிதம் வேண்டும். பௌதிகப் பட்டத்திற்கு இந்தக் கடைசி வகைதான் செல்லும்.

இரண்டிற்கும் பேதம் என்ன என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறோம். ஒரு கல்லை உயரத்திலிருந்து விடுகிறோம். காற்றின் தடையை விட்டுவிட்டு எளிய எண்ணாகச் சொன்னால், ஒரு விநாடியில் 5 மீட்டரும், இரண்டு விநாடியில் 20 மீட்டரும், மூன்று விநாடியில் 45 மீட்டரும் விழுந்திருக்கும். விநாடியின் வர்க்கத்தை ஐந்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். சரி, இரண்டாம் விநாடி முடிகிற அந்தக் கணத்தில் கல்லின் வேகம் என்ன?

இரண்டாம் விநாடிக்கும் மூன்றாம் விநாடிக்கும் இடையில் அது 25 மீட்டர் போயிருக்கிறது. அது சராசரி, கேட்ட விடை அன்று. இடைவெளியைச் சுருக்கிப் பார்ப்போம். 2 விநாடியிலிருந்து 2.1 விநாடிக்குள் 2.05 மீட்டர், ஆகவே வேகம் விநாடிக்கு 20.5 மீட்டர். 2 விநாடியிலிருந்து 2.01 விநாடிக்குள் 0.2005 மீட்டர், வேகம் 20.05. இன்னும் சுருக்கச் சுருக்க 20ஐ நெருங்கிக் கொண்டே வரும். அந்தக் கணத்து வேகம் 20. இப்படி இடைவெளியைச் சுருக்கிச் சுருக்கி உண்மையைப் பிடிப்பதே நுண்கணிதத்தின் முதல் பாடம்.

நமக்கு இது புதிதன்று. ஒரு மாதத்தின் மொத்த விற்பனையைப் பார்ப்பது ஒரு கணக்கு. இந்த வாரம், இன்று, இந்த நேரம் வியாபாரம் ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்ப்பது வேறு கணக்கு. இரண்டாவது தெரிந்தவனே சரக்குக்கு ஆர்டர் கொடுப்பான். அல்ஜீப்ராப் பௌதிகம் படிப்பவனுக்குச் சூத்திரத்தைக் கையில் கொடுத்து விடுவார்கள். நுண்கணிதப் பௌதிகம் படிப்பவன் அந்தச் சூத்திரம் எப்படிப் பிறந்தது என்பதைத் தானே கண்டு கொள்வான். மேல் வகுப்பில் சூத்திரம் இல்லாத இடங்களுக்குத்தான் அழைத்துச் செல்வார்கள் என்பதால், இரண்டாமவனையே பல்கலைக்கழகம் கேட்கிறது.

அல்ஜீப்ரா என்ற சொல்லே அல்ஜப்ர் என்னும் அரபுச் சொல் என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய அந்நூலில் வியாபாரக் கணக்கும், நிலம் அளத்தலும், வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடும் கணக்கும் இருந்தன. பராயிள் கணக்கில் பின்னம் போட்டுப் பழகிய நாம், நம் பிள்ளை அல்ஜீப்ரா படிக்கிறான் என்றால் அந்நியமாகப் பார்க்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் நேர்ந்தது

எங்கள் மூத்த மகன் பள்ளிப் பரீட்சையில் நடுத்தரமாகவே தேறினான். இங்கே அவன் விரும்பிய இடம் கிடைக்கவில்லை. அவனுடைய மாமா கலிபோர்னியாவில் குடியிருப்பதால், அங்கே தங்கிக் கம்யூனிட்டி காலேஜில் படிக்கட்டும் என்று அனுப்பினோம். வாரந்தோறும் போனில் பேசும் போது நாம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எப்போது முடியும்?”

அங்கே கணிதத் தகுதியைப் பார்த்து, நுண்கணிதத்திற்கு முந்திய பாடத்தில் அவனை அமர்த்தினார்கள். நுண்கணிதம் இல்லாததால் மேல் வகைப் பௌதிகத்திற்கு இடமில்லை. பௌதிகம் படிக்க வந்தவன் பள்ளிக் கணக்கைத்தான் படிக்கிறான் என்று அத்தாவிடம் சொல்லக் கூசி, அல்ஜீப்ராப் பௌதிகத்தில் சேர்ந்து விட்டான். இரண்டு தவணையிலும் முதல் தரம் வாங்கினான். நாமும் மகிழ்ந்து, கடைப் பிள்ளைகளுக்கெல்லாம் நெய்ச்சோறு போட்டோம்.

இரண்டாம் வருடம் மனுச் செய்யும் காலம் வந்த போதுதான் பாட ஆலோசகர் அவனுடைய பட்டியலைப் பார்த்து, அந்த இரண்டு பாடமும் பௌதிகப் பட்டத்திற்குச் செல்லாது என்றார். மேல் வகைப் பௌதிகம் மூன்று தவணையையும் அவன் இனிமேல்தான் முறையாக முடிக்க வேண்டும். தவணை ஒன்று மட்டுமே கூடுதல் என்றாலும், அவன் போக நினைத்த இடத்தில் வருடத்திற்கு ஒரு முறை, இலையுதிர் காலத்தில்தான் சேர்க்கை. ஆக ஒரு வருடம் போயிற்று.

அன்றிரவு போனில் நாம் பேசிய பேச்சை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. “படித்தது போதும், டிக்கெட் போட்டுத் திரும்பி வா, கல்லாவில் உட்கார்” என்றோம். அவன் பதில் பேசவில்லை. மறுநாள் அவனுடைய மாமா பேசினார். “மச்சான், பையன் சோம்பேறியில்லை. பட்டியலை அனுப்பி வைக்கிறேன். நீங்கள் கணக்குப் பார்க்கிறவர். நீங்களே பாருங்கள்” என்றார்.

பட்டியலைப் பரப்பி வைத்துக் கொண்டு, கடை சாத்திய பின் இரண்டு இரவு உட்கார்ந்தோம். ஆங்கிலம் நமக்கு அரைகுறை. இளைய மகள் படித்துச் சொன்னாள். ஒவ்வொரு பாடத்திற்கும் எதிரே எது நிற்கிறது என்று எழுதிய போது, தவறு எங்கே தொடங்கியது என்று விளங்கிற்று. பிறகு அவனையே கேட்டோம்: “முதல் வருடமே அந்த ஆலோசகரிடம் போய்க் கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை?”

“கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று பயம் அத்தா. உங்களிடம் சொன்னால் கோபிப்பீர்கள் என்றும் பயம்” என்றான்.

ஒரு வருடச் செலவை விட அந்த வார்த்தைதான் நம்மைச் சுட்டது. கடையில் நாமும் அப்படியே. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக் கொண்டதில்லை. வங்கியில் நீட்டிய தாளில் புரியாமலே கையெழுத்திட்டு வந்திருக்கிறோம். பிள்ளை அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறான். ‘எப்போது முடியும்’ என்று கேட்ட நாம், ‘என்ன படிக்கிறாய், அடுத்து என்ன’ என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வியாபாரத்தில் ஒரு கூட்டாளியை இப்படி நடத்தியிருந்தால் கடை என்றோ மூடியிருக்கும்.

டிக்கெட் போடவில்லை. அவன் அந்த மூன்று தவணையையும் முடித்தான். அல்ஹம்துலில்லாஹ், இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். இன்னும் பட்டம் வாங்கவில்லை. அதற்குள் பெருமை பேசுவது முறையுமன்று.

மனுச் செய்யும் காலம்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு அடுத்த இலையுதிர் காலத்தில் சேர விரும்புவோர் முந்திய ஆண்டு அக்டோபரிலும் நவம்பரிலும் மனுச் செய்ய வேண்டும். ஜனவரியில் புதிய மதிப்பெண்களைத் தெரிவிக்க வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் பதில் தெரியும். அதற்கு முந்திய வசந்தகாலத் தவணையோடு வேண்டிய பாடங்கள் யாவும் முடிந்திருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டாம் வருடம் தொடங்கிய கையோடு மனுச் செய்வதால், அப்போது கையில் இருப்பது முதல் வருட மதிப்பெண்தான். ‘முதல் வருடம் பழகிக் கொள்வோம், இரண்டாம் வருடம் பார்த்துக் கொள்வோம்’ என்பது இங்கே நடவாது.

தகுதிக்கு நான்குக்குக் கணக்கிடும் சராசரியில் அம்மாநிலத்தார் 2.4, வெளியார் 2.8 பெற்றிருக்க வேண்டும். இது வாசலுக்குள் நுழையும் அளவே. பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சலிஸ் முதலிய வளாகங்களில் இடம் கிடைக்க இதை விட மிக உயர்ந்த சராசரி தேவைப்படும்.

இளநிலைப் படிப்பு நடத்தும் ஒன்பது வளாகங்களில் ஆறு, அதாவது டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகியவை, குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றும் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கின்றன. அதற்கு மனு செப்டம்பர் மாதம். ஒரு வளாகத்திற்கு மட்டுமே கேட்கலாம். எந்த வளாகம் எந்தத் துறைக்கு அவ்வுறுதி தருகிறது என்பதை அந்தந்த ஆண்டு பார்த்துக் கொள்ள வேண்டும். கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்திற்கோ 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி வேறொரு வழி உண்டு. காலேஜில் மாறுதலுக்கென்றே வகுத்த இரண்டாண்டுப் பட்டத்தை முடித்தவருக்கு ஏதாவது ஒரு வளாகத்தில் இடமும், எஞ்சிய 60 யூனிட்டில் படிப்பை முடிக்கும் வழியும் கிடைக்கும். பௌதிகத்திலும் அப்பட்டம் உண்டு.

செலவுக் கணக்கு

கலிபோர்னியாக் குடியிருப்பாளருக்குக் கம்யூனிட்டி காலேஜில் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். இந்தத் தொகையைக் கேள்விப்பட்டு நம்மவர் சிலர் ஆசைப்படுகிறார்கள். நம் பிள்ளைகள் வெளிநாட்டார். அவர்களுக்கு அதற்கு மேல் யூனிட் ஒன்றுக்குப் பல நூறு டாலர் கூடுதல் கட்டணம் உண்டு. அதைக் காலேஜுக்குக் காலேஜ் தனித்தனியே விதிக்கிறார்கள்.

மூன்றாம் வருடம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேரும் போது, வெளியாருக்கு வழக்கமான கட்டணத்திற்கு மேல் ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் அதிகமான தொகை சேரும். சிக்கனம் முதல் பாதியில் மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. பாதி வழியில் பணம் தீர்ந்து பிள்ளை திரும்பி வந்தால் அது எல்லாவற்றிலும் பெரிய நட்டம். ஆகையால் கடைசி இரண்டு வருடத்தின் செலவை முதலில் எழுதிவிட்டு, முதல் இரண்டு வருடத்தின் செலவைப் பிறகு எழுத வேண்டும்.

இன்னொரு கணக்கு. மாணவர் விசாவில் இருப்பவர் தவணைக்குக் குறைந்தது 12 யூனிட் படிக்க வேண்டும் என்பது விதி. பலர் அந்தப் பன்னிரண்டோடு நிறுத்திக் கொள்கிறார்கள். நான்கு தவணைக்கு 48தான் ஆகும், 12 குறையும். தவணைக்கு 15 எடுத்தால்தான் 60. இல்லையேல் கோடை விடுமுறை வகுப்பில் ஈடு செய்ய வேண்டும். விசா விதிப்படி, தவணை நடக்கும் போது வளாகத்திற்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். பையன் வேலை செய்து படித்துக் கொள்வான் என்று கணக்குப் போடுவது தவறு.

நம் நாட்டிலேயே கோலாலம்பூர், சுபாங் ஜெயா வட்டாரங்களில் உள்ள சில தனியார் கல்லூரிகள் அமெரிக்கப் பட்டத்தின் முற்பகுதியை நடத்தி, பிற்பகுதிக்கு அமெரிக்கா அனுப்புகின்றன. செலவைக் குறைக்க அது நல்ல வழி. ஆனால் அங்கேயும் மேலே சொன்ன சங்கிலி முழுவதும் உண்டா, போக நினைக்கும் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். பொறியியல் மாணவருக்கு நடத்தும் கணிதமும் பௌதிகமுமே நமக்கு வேண்டியவை.

வட்டிக் கடனில் இறங்கிப் படிக்க வைக்க வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். மாநில ஸகாத் அமைப்புகளில் கல்வி உதவி உண்டு. தகுதியிருந்தால் கேட்பதில் வெட்கமில்லை. இராமேசுவரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளையான அப்துல் கலாம் அவர்கள் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்து 1954இல் முடித்தார். பிறகு சென்னையில் விமானப் பொறியியல் சேரப் பணமில்லாத போது, அவருடைய சகோதரி சொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளை 2002இல் இந்தியாவின் ஜனாதிபதி ஆனார். நம் வீட்டுப் பெண்மக்களின் கழுத்துச் சங்கிலிக்கு வேலை வராமல், நாம் முன்கூட்டியே சேர்த்து வைப்பது கடமை.

சேர்ந்த பின்

மூன்றாம் வருடத்தில் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், வெப்பமும் புள்ளியியல் இயக்கவியலும், பரிசோதனைச் சாலை ஆகியவை வரும். காலேஜில் முதல் தரம் வாங்கியவனுக்கும் இங்கே முதல் தவணையில் மதிப்பெண் சரிவது சாதாரணம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான வளாகங்களில் தவணை பத்து வாரந்தான். காலேஜில் பதினாறு பதினேழு வாரம் நிதானமாகப் படித்தவனுக்கு, மூச்சு விடுமுன் பரீட்சை வந்து நிற்கும்.

அவ்வேளையில் பெற்றோர் பதறக் கூடாது. ஆசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரம் தம் அறையில் மாணவருக்காகவே காத்திருப்பார்கள். அந்நேரத்தில் போய்க் கேட்கச் சொல்ல வேண்டும். சக மாணவரோடு கூடிக் கணக்குப் போடுவதும், ஒரு பேராசிரியரின் ஆய்வுச்சாலையில் கூடிய விரைவில் இடம் பெறுவதும் பலனளிக்கும். மேற்படிப்புக்குப் போக நினைத்தால் அந்த ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் அவசியம். நான்கு வருடமும் அங்கேயே படித்தவனுக்கு ஆசிரியரை அறிய நான்கு வருடம். நம் பிள்ளைக்கு இரண்டே வருடம்.

பிழைப்புக்கு உண்டா?

உண்டு. பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டு தொழில் வட்டாரம் தொடங்கி, அதே ஆண்டு இன்டெல் கம்பெனி வந்து இறங்கியது. அங்கே செய்யப்படும் செமிகண்டக்டர் சில்லுகள் யாவும் குவாண்டம் பௌதிகத்தின் பிள்ளைகளே. ஆஸ்பத்திரிகளில் கதிர்வீச்சின் அளவைச் சரிபார்க்க மருத்துவப் பௌதிகர் வேண்டும். அதற்கு மேற்படிப்பும் வேண்டும். பள்ளிகளுக்குப் பௌதிக ஆசிரியர் வேண்டும். டாக்டர், வக்கீல் என்ற பெயர்ப் பலகை இல்லாத படிப்பு என்பதால் நம்மவர் தயங்குகிறார்கள். பலகை இல்லாமலே பல கதவுகள் திறக்கும் படிப்பு இது.

இரண்டு வருடக் காலேஜ் என்று இளக்காரமாகப் பேசுவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் எய்லீன் காலின்ஸ் என்ற பெண்மணி வசதியற்ற குடும்பத்தில் பிறந்து, கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் 1976இல் தேறி, பிறகு சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திற்கு மாறி, 1978இல் பட்டம் பெற்றார். 1999ஆம் ஆண்டு ஜூலையில் கொலம்பியா விண்வெளி ஓடத்திற்குத் தலைமை தாங்கிச் சென்றார். விண்வெளி ஓடத்திற்குத் தலைமை வகித்த முதற் பெண் அவரே. அந்தப் பயணத்தில் அவர் ஏற்றிச் சென்று விண்ணில் நிறுத்திய தூரதர்சினியின் பெயர் ‘சந்திரா’. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் படித்து 1983இல் நோபல் பரிசு பெற்ற நம் தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்களின் பெயரால் அமைந்தது அது. கம்யூனிட்டி காலேஜில் படித்தவரின் கையால் ஒரு தமிழரின் பெயர் வான் ஏறியது.

பெற்றோர்க்குச் சொல்லத்தக்கவை

ஒன்று: புறப்படுமுன் பிள்ளையின் கணிதத்தைச் சோதியுங்கள். நுண்கணிதத்தில் அமரும் தகுதி இல்லையேல் இங்கேயே ஆறு மாதம் படிக்க வையுங்கள். இங்கே செலவு குறைவு.

இரண்டு: முதல் வாரமே பாட ஆலோசகரைப் பார்த்து, கடைசித் தவணை வரை பட்டியல் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அதன் நகல் ஒன்று உங்கள் கடை மேசையில் இருக்கட்டும்.

மூன்று: பௌதிக வகுப்பில் சேருமுன் “இதற்கு நுண்கணிதம் தேவையா?” என்று கேட்கச் சொல்லுங்கள். தேவையில்லை என்றால் அது நமக்குரிய வகுப்பன்று.

நான்கு: ஒவ்வொரு தவணையும் ‘அஸிஸ்ட்’ பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஒப்பந்தங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ஐந்து: நான்கு வருடச் செலவும் தெரிந்த பின் டிக்கெட் வாங்குங்கள்.

ஆறு: போனில் பேசும் போது ‘எப்போது முடியும்’ என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக் கொள்ளுங்கள். ‘இந்த வாரம் எது விளங்கவில்லை?’ என்பது முதற் கேள்வியாகட்டும். பிள்ளை விளங்கவில்லை என்று சொல்லும் நாளில் கோபிக்காதீர்கள்.

இந்த ஆறில் கடைசி ஒன்றுக்குத்தான் நாம் ஒரு வருடத்தை விலையாகக் கொடுத்தோம். மற்ற சகோதரர்களுக்கு அது இனாமாகக் கிடைக்கட்டும். தங்கள் பிள்ளைகளின் காலேஜ்ப் பட்டியலைக் கொண்டு வருபவர்களோடு உட்கார்ந்து பார்க்க, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நாம் சங்கக் கட்டடத்தில் இருப்போம். ஆங்கிலம் படித்துச் சொல்ல எங்கள் மகளும் வருவாள்.

வல்ல நாயன் நம் மக்களுக்குப் பயனுள்ள இல்மைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.